மேடைக்கு அஞ்சிய மேதை

பௌதிகம் படித்தவர்களுக்கு வீட்ஸ்டன் என்ற பெயர் புதிதன்று. நான்கு மின்தடைகளைச் சாய்சதுரமாக இணைத்து, நடுவிலே கால்வனோமீட்டரை வைத்து, அதன் முள் அசையாமல் நிற்கும் இடத்தைத் தேடிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று தேர்வில் எழுதினோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம். அந்தப் பெயருக்கு உரியவர் இசைக்கருவிக் கடையில் வேலை பழகியவர், பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரி வாசலை மாணவராக மிதியாதவர், கூட்டத்தின் முன் நின்று பேச வாழ்நாளெல்லாம் அஞ்சியவர் என்ற செய்திகளை நம் பாடநூல் சொல்லவில்லை. இதிலே பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றை முதலில் கண்டவரும் அவர் அல்லர்!

எனக்கு அவர் நன்கு அறிமுகமானது ஆய்வுக்கூடத்தில் அன்று, கைப்பேசியில். சென்ற பருவத்தில் நம் சங்கத்து நண்பர் ஒருவர் எல்லோருக்கும் ஒரு காணொளியை அனுப்பினார். ஆறு பக்கம் கொண்ட ஒரு சிறு பெட்டியை இரு கைகளிலும் ஏந்தி, விரித்தும் சுருக்கியும் ஒருவர் வாசிக்கிறார். பெட்டி சிறிது, எழும் நாதம் பெரிது. அன்று இரவு விடுதியில் ஒரு பெரிய வாதமே நடந்தது. அக்கார்டியன் என்றார் ஒருவர். சர்க்கஸ் கோமாளி கையில் இருப்பது என்றார் மற்றவர். மதுரை நண்பரோ, நம் நாடக மேடை ஹார்மோனியத்தின் குட்டித் தம்பி என்று சாதித்தார். கான்சர்டினா என்பது அதன் பெயர் என்று தெரிந்ததும் காணொளிகள் மளமளவென்று வந்து குவிந்தன. அயர்லாந்தின் கிளேர் வட்டாரத்தார் வாசித்தது ஒன்று, இங்கிலாந்தில் வாசித்தது ஒன்று, தென்னாப்பிரிக்க போயர் மக்களின் நடனத்துக்கு வாசித்தது ஒன்று. அயர்லாந்துக்காரர் வாசிப்பில் இசை துள்ளித் துள்ளி வருகிறது. மற்றொருவர் வாசிப்பில் எண்ணெய் ஒழுகுவது போல் ஓடுகிறது. பெட்டி ஒன்றுபோல் இருக்க, இந்த வேறுபாடு ஏன் என்ற கேள்வி எழுந்தது. விடை தேடிப் போன நான் வந்து நின்ற இடம் சார்லஸ் வீட்ஸ்டனின் வீட்டு வாசல்!

இளமை

1802ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரை அடுத்த பார்ன்வுட்டில் அவர் பிறந்தார். குடும்பமே இசையை நம்பிப் பிழைத்த குடும்பம். நான்கு வயதானபோது தந்தை குடும்பத்தோடு இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, குழல் வாசிக்கக் கற்றுக் கொடுத்துப் பிழைத்தார். பெரிய நகரத்தில் பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளை என்ற வகையில் அவர் நமக்கும் உறவினரே. தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் ஸ்டிராண்டு வீதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். சார்லஸ் 14 வயதில் அங்கே தொழில் பழக விடப்பட்டார்.

பையனுக்கோ கடையில் மனம் ஒட்டவில்லை. வோல்ட்டாவின் மின்சாரக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் கண்டு, காசு சேர்த்து வாங்கினாராம். படித்துப் புரிந்துகொள்ள அகராதி வேண்டும். மறுபடியும் காசு சேர்த்தாராம். நூலில் கண்ட மின்கலத்தைத் தம்பியோடு சேர்ந்து செய்யத் தொடங்கியபோது செப்புத் தகடு வாங்கக் காசு போதவில்லை. கையில் மிஞ்சியிருந்தவை சில செப்புக் காசுகள். தகடு வாங்கத்தானே காசு? காசே செம்பாயிற்றே! அந்தக் காசுகளையே தகடுகளாக அடுக்கி மின்கலம் செய்தார் என்று அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்வர்.

மாய யாழ்

1821இல், 19 வயது இளைஞராக இருந்தபோது, இலண்டன் மக்களை அவர் ஒரு வேடிக்கையால் மயக்கினார். அறையின் கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் ஒரு யாழ் தொங்கும். அருகே யாரும் இல்லை. தந்தியை மீட்டும் விரலும் இல்லை. ஆனால் யாழிலிருந்து இசை பொழியும்! காசு கொடுத்து வந்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். மர்மம் மேல் மாடியில் இருந்தது. அங்கே வாசிக்கப்பட்ட கருவியின் பலகையிலிருந்து அதிர்வு கம்பி வழியாக இறங்கி யாழின் உடலை அதிரச் செய்தது.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவருக்கு அது ஆராய்ச்சி. ஒலி காற்றிலே பரவுவதைவிட மரத்திலும் உலோகத்திலும் விரைவாகப் பாய்கிறது என்றால், ஓர் ஊரில் எழும் ஒலியை ஒரு கம்பி வழியாக மற்றோர் ஊருக்கு அனுப்ப முடியாதா என்று எண்ணினார். அந்த எண்ணம்தான் பிற்காலத்தில் ஒலியை விட்டு மின்சாரத்தைப் பற்றிக்கொண்டு தந்தியாக வளர்ந்தது. 1823இல் ஒலி பற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு தந்தையின் உடன்பிறந்தார் இறந்துபோக, கடைப் பொறுப்பு சார்லஸ் மீதும் தம்பி வில்லியம் மீதும் விழுந்தது.

கையடக்கப் பெட்டி

இனி நம் கேள்விக்கு வருவோம். ஹார்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்கள் அதனுள்ளே பித்தளை ரீடுகளைக் கண்டிருப்பார்கள். ஒரு முனை பொருத்தப்பட்டு மறு முனை விடுதலையாக நிற்கும் மெல்லிய நாக்கு அது. காற்று பாயும்போது நாக்கு தன் துளையினூடே முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும். நாக்கின் நீளமும் கனமுமே சுருதியை நிர்ணயிக்கின்றன. துருத்தியை மெல்ல அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் சுருதி பெரும்பாலும் மாறாது. சீனத்து ஷெங் என்ற கருவியில் இந்த நாக்கு மிகப் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஐரோப்பா அதைப் பின்னால் கற்றுக்கொண்டது. நம் ஹார்மோனியத்தின் மூலத்துக்குப் பாரிஸ் நகரில் டெபேன் பட்டயம் பெற்றது 1842இல். வீட்ஸ்டன் அதற்கு முன்பே தம் வேலையைத் தொடங்கிவிட்டார்.

1829இல் அவர் ஒரு பட்டயம் பெற்றார். வாயால் ஊதி, பொத்தான்களை விரலால் அழுத்தி வாசிக்கும் சிம்போனியம் என்ற கருவி அதில் இருந்தது. வாய்க்குப் பதிலாகத் துருத்தி வைத்த வடிவமும் அதிலேயே இருந்தது. அதுவே வளர்ந்து 1830களில் கான்சர்டினாவாக வெளிவந்தது. 1844இல் மேலும் திருத்தங்கள் செய்து மற்றொரு பட்டயமும் பெற்றார்.

அதன் அமைப்பை நாங்கள் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே புரிந்துகொண்டோம். வலக்கை இசை வாசிக்க இடக்கை துணை நிற்கும் என்று முதலில் எண்ணினோம். விரல்களைக் கவனித்தபோதோ வேறு விதமாக இருந்தது. ஷட்ஜம் இடக்கையில் என்றால் ரிஷபம் வலக்கையில், காந்தாரம் மறுபடி இடக்கையில், மத்யமம் வலக்கையில். இப்படி ஸ்வரங்கள் இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் பங்கிடப்பட்டிருக்கின்றன. ஏழு ஸ்வரமும் முடிந்து மேல் ஷட்ஜம் வரும்போது அது வலக்கைக்குப் போய்விடுகிறது! ஆரோகணம் வாசித்தால் இரு கைகளும் பூப்பந்தாட்டம் ஆடுவது போல் இருக்கிறது. விரைந்து வாசிக்க இது எவ்வளவு உதவி! ஒரு கையின் விரல் எழும்போதே மறு கையின் விரல் இறங்கிவிடலாம். ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் ஒரே கையில் அருகருகே அமைவதால், மேலைநாட்டார் விரும்பும் ஸ்வரக் கூட்டும் எளிதில் அகப்படுகிறது. எத்தனையோ நாள் சிந்தித்துச் செய்த பங்கீடு அது.

பெரும்பாலும் வழங்கிய கருவிக்கு 48 பொத்தான்கள். வயலினின் அடி ஸ்வரத்தில் தொடங்கி மூன்றரை ஸ்தாயி வரை ஏறும். துருத்தியை விரித்தாலும் சுருக்கினாலும் ஒரு பொத்தான் ஒரே ஸ்வரத்தைத்தான் தரும். அதற்காக ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு நாக்குகள். ஆக 96 நாக்குகள் அந்தச் சிறு பெட்டிக்குள்! எங்கள் வாதத்துக்கு விடை இங்கேதான் இருந்தது. ஜெர்மனியில் கெம்னிட்ஸ் ஊர் ஊலிக் என்பவர் 1834இல் வேறொரு வகை செய்தார். அதில் விரித்தால் ஒரு ஸ்வரம், சுருக்கினால் வேறொரு ஸ்வரம், நம் மவுத் ஆர்கனைப் போல. அயர்லாந்தில் பரவியது அந்த வழியில் வந்த கருவி. ஸ்வரத்துக்கு ஸ்வரம் துருத்தி திசை மாறுவதால் இசை துள்ளுகிறது. வீட்ஸ்டன் கருவியில் மாற வேண்டியதில்லை, ஆகவே ஓடுகிறது. எண்ணெய் ஒழுகுவதற்கும் பந்து துள்ளுவதற்கும் காரணம் இவ்வளவுதான்!

இன்னொரு நுட்பமும் உண்டு. ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். வீட்ஸ்டனோ 14 பொத்தான்கள் வைத்தார். பியானோவில் ஒன்றாக வழங்கும் இரு ஜோடி ஸ்வரங்களை அவர் தனித்தனியே பிரித்து வைத்தார். இதைப் பிரெஞ்சு இசை மேதை பெர்லியோஸ் தம் வாத்திய நூலில் கடுமையாகக் குறை கூறினார். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நமக்கோ அது குறையாகத் தோன்றாது. ஹார்மோனியக் கட்டைகளுக்கு நுண்ணிய ஸ்வரங்கள் வாரா என்றுதானே அகில இந்திய வானொலி 1940இல் அந்தக் கருவியை விலக்கி, 1971 வரை வெளியே நிறுத்தியது!

கான்சர்டினா முதலில் செல்வர் மாளிகைக் கருவியாக இருந்தது. கடையின் விற்பனைக் கணக்கேடுகள் இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அந்த ஏடுகளைப் புரட்டினேன். இன்ன எண்ணுள்ள கருவி, இன்னாருக்கு, இன்ன நாளில் என்று மையால் எழுதிய வரிகள். அவற்றிலே சீமாட்டிகளின் பெயர்கள் நிறைய. கிதார் வித்தகர் ஜூலியோ ரெகோண்டி இதை அரங்குகளில் வாசித்துப் புகழ் சேர்த்தார். பிறகு மலிவான கருவிகள் வந்தன. மாளிகையிலிருந்து தெருவுக்கு இறங்கியது கான்சர்டினா. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் குழுக்களாகக் கூடி வாசித்தார்கள், இரட்சணிய சேனையார் வீதிப் பிரசங்கத்துக்கு எடுத்துச் சென்றார்கள், மாலுமிகள் கப்பலேற்றினார்கள். அப்படிப் பரவியதால்தான் நம் விடுதி வரை வந்து சேர்ந்தது.

இரவல் நாக்கு

இவ்வளவு நாக்குகளுக்குப் பேச்சுக் கொடுத்தவருக்குத் தம் நாக்குப் பணியவில்லை என்பதுதான் விந்தை. நண்பர் நால்வர் கூடினால் ஓயாமல் பேசுவார், நயமாகவும் விளக்குவார். மேடையில் ஏறினால் வார்த்தை தொண்டையில் சிக்கிவிடும். 1834இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைச் சோதனைப் பௌதிகப் பேராசிரியராக்கியது. பட்டம் பெறாத கடைக்காரர் பேராசிரியர் ஆனார்! அடுத்த ஆண்டு ஒலியைப் பற்றிச் சில சொற்பொழிவுகள் செய்தார். பிறகு விரிவுரை என்பதே ஏறத்தாழ இல்லை. கல்லூரியும் அவரை விட்டுவிடவில்லை. கடைசி வரை அந்தப் பதவியில் வைத்திருந்தது.

அவர் செய்த சோதனைகளே விரிவுரைகளாயின. மின்சாரத்தின் வேகத்தை அளக்க அரை மைல் நீளக் கம்பியை இழுத்துக் கட்டி, விநாடிக்கு 800 முறை சுழலும் சிறு கண்ணாடியில் மின்பொறிகளைப் பார்த்தார். விநாடிக்கு 2,88,000 மைல் என்று கணக்கு வந்தது. இன்று நாம் அறிந்தபடி அது மிகை. ஆனால் சுழலும் கண்ணாடி என்னும் வழி வாழ்ந்தது. பிரான்சின் ஃபூக்கோ அதையே கையாண்டு ஒளியின் வேகத்தை அளந்தார்.

பேச வேண்டிய இடங்களில் அவருக்காகப் பேசியவர் ஒருவர் இருந்தார். அவர் வேறு யாருமல்லர்; மைக்கேல் ஃபாரடேதான். கொல்லன் மகன், புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். இவரோ குழல் வாத்தியார் மகன். 1828 முதல் ராயல் கழகத்தில் வீட்ஸ்டனின் ஒலி ஆராய்ச்சிகளை ஃபாரடே விளக்கினார். கருவிகளும் கருத்தும் வீட்ஸ்டனுடையவை, குரல் ஃபாரடேயுடையது, பெயரும் வீட்ஸ்டனுக்கே. ஃபாரடே அதைத் தம் பெருமையாக்கிக்கொள்ளவில்லை.

1846 ஏப்ரல் 3ஆம் நாள் மாலை வீட்ஸ்டனின் நுண்காலமானியைப் பற்றி ஃபாரடே பேசினார். இறுதியில் தம் உள்ளத்தில் ஊறிக்கொண்டிருந்த ஓர் எண்ணத்தையும் சொன்னார். ஒளி என்பது காந்த, மின் விசைக்கோடுகளில் எழும் அதிர்வாக இருக்கலாம் என்பது அது. பிற்காலத்தில் மாக்ஸ்வெல் கணித உருவம் கொடுத்த ஒளிக் கொள்கையின் விதை அந்த மாலையில் விழுந்தது. நண்பருக்கு நாக்கை இரவல் கொடுக்கப் போன இடத்தில் பௌதிகத்துக்கே புதையல் கிடைத்தது!

தந்தி

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. என் தலைமுறைக்குத் தந்தி என்பது பாட்டி சொல்லும் கதைதான். தந்தி என்ற சொல் காதில் விழுந்ததும், பிரித்துப் பார்க்கும் முன்பே வீட்டில் அழுகை எழுமாம். அந்தத் தந்திக்கு இங்கிலாந்தில் உருக்கொடுத்த இருவருள் ஒருவர் வீட்ஸ்டன். மற்றவர் வில்லியம் குக். இந்தக் குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்து ஊர் திரும்பியவர்! 1837இல் இருவரும் கூட்டாகப் பட்டயம் பெற்றார்கள். அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் இலண்டனில் யூஸ்டனுக்கும் கேம்டனுக்கும் இடையே இரயில் பாதை ஓரமாகச் செய்தி பாய்ந்தது. முதற் கருவியில் ஐந்து முள்கள். இரண்டு முள்கள் சாய்ந்து எந்த எழுத்தைக் காட்டுகின்றனவோ அதுவே செய்தி. 20 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. ஆங்கிலத்தின் ஆறு எழுத்துகள் வெளியே நின்றன.

1845 புத்தாண்டு நாளில் ஸ்லௌ ஊரில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ஜான் டாவெல் என்பவன் இலண்டனுக்கு இரயில் ஏறினான். குவேக்கர் சமயத்தாரின் உடையில் இருந்தான். அந்தச் சொல்லின் முதலெழுத்தான 'க்யூ' தந்தியில் இல்லை. எழுத்தைக் கூட்டி எப்படியோ ஒப்பேற்றிச் செய்தி அனுப்பினார்கள். ஓடும் இரயிலை முந்திக்கொண்டு தந்தி போய்ச் சேர்ந்தது, கொலையாளி அகப்பட்டான். அதன் பின்னர்தான் தந்தியின் அருமை பாமரருக்கும் புலப்பட்டது.

ஆனால் கூட்டாளிகள் இருவரும் யார் பெரியவர் என்று சச்சரவிட்டார்கள். 1841இல் நடுவர்களை வைத்துத் தீர்ப்புப் பெற்றும் கசப்பு மாறவில்லை. வீட்ஸ்டன் புகழை வேண்டாத முனிவர் அல்லர். தமக்கு உரியதென்று நம்பியதை விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை. அதை நாம் மறைக்க வேண்டியதுமில்லை.

பெயர் படுத்திய பாடு

பெயர் விஷயத்தில் உலகம் அவரிடம் விளையாடிய விளையாட்டைப் பாருங்கள். சமனச்சுற்றை 1833இல் வெளியிட்டவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. பத்தாண்டு கழித்து வீட்ஸ்டன் அதன் பயனை உலகறியச் செய்தார்; கிறிஸ்டியின் பெயரை நேர்மையாகக் குறிப்பிடவும் செய்தார். உலகம் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. சுற்றுக்கு வீட்ஸ்டன் என்றே பெயரிட்டது. 1854இல் இரகசியச் செய்திக்காக எழுத்துகளை இருவர் இருவராகச் சேர்த்து மறைக்கும் முறை ஒன்றை அவர் வகுத்தார். நண்பர் பிளேஃபேர் பிரபு அதைப் பெரிய மனிதர்களிடம் எடுத்துச் சொன்னார். முதல் உலகப் போரிலும் பயன்பட்ட அந்த முறைக்கு இன்றும் பிளேஃபேர் என்றே பெயர்! 1838இல் இரு கண்களும் காணும் இரு வேறு படங்கள் ஒன்றாகிக் கனவுருவம் தருவதை விளக்கி, இரு கண்ணாடிகள் வைத்த ஸ்டீரியோஸ்கோப்பை அவர் படைத்தார். வீடுதோறும் புகுந்ததோ புரூஸ்டர் வில்லை வைத்துச் செய்த வடிவம். இன்று மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ளும் இளைஞருக்கு, அதன் அடிப்படை யார் கண்டது என்று தெரியுமா?

தம்மிடம் கிடைத்ததை அவரும் பிறருக்குக் கொடுத்தார். அவர் மனைவி எம்மாவின் தமக்கை தங்கையருள் ஒருவரின் மகன் ஆலிவர் ஹெவிசைடு. 16 வயதோடு பள்ளியை விட்ட ஏழைப் பையன். காதும் சரியாகக் கேளாதவன். பெரியப்பா முறையான வீட்ஸ்டன் ஊக்கி, தந்தித் தொழிலில் வழி காட்டினார். மாக்ஸ்வெல்லின் நீண்ட சமன்பாடுகளை நாம் இன்று எழுதும் நான்கு வரிகளாகச் சுருக்கியவர் அந்தப் பையன்தான்!

1868இல் வீட்ஸ்டனுக்கு சர் பட்டமும் ராயல் சங்கத்தின் காப்ளி பதக்கமும் கிடைத்தன. 1875 அக்டோபர் 19ஆம் நாள் பாரிஸ் நகரில் நுரையீரல் நோயால் காலமானார். 73 ஆண்டு வாழ்வு. உடல் இலண்டன் கென்சல் கிரீன் கல்லறையில் அடங்கியது.

நமக்கு என்ன?

நண்பர்களே! இந்த வரலாற்றைப் படித்தபோது என்னை உறுத்தியது ஒன்று. வீட்ஸ்டனுக்கு ஃபாரடே இல்லாதிருந்தால்? ஒலி ஆராய்ச்சிகள் கடையின் பின்னறையிலேயே முடங்கியிருக்கும். நகரமோ யாழ் வேடிக்கையோடு அவரை மறந்திருக்கும்.

நம் ஊரிலிருந்து இந்த வளாகத்துக்கு வருகிறவர்களில் தமிழ் வழியில் படித்தவர் பலர். நானும் அவர்களுள் ஒருவன். கணக்குத் தெரியும், சோதனை தெரியும். கருத்தரங்கில் எழுந்து நின்றால் ஆங்கிலமும் வராது, பக்கத்தில் ஓடும் இந்தியும் புரியாது. என் முதற் பருவத்தில் சங்கத்து அண்ணன் ஒருவர் மூன்று மாலைகள் என்னோடு உட்கார்ந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிப் பழக்கினார். கருத்தரங்கன்று கேள்வி நேரத்தில் நான் திணறியபோது எழுந்து, இவர் சொல்ல வருவது இதுதான் என்று எடுத்து விளக்கினார். தம் கருத்தாகச் சொல்லவில்லை; என் கருத்தாகவே சொன்னார். அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு என்பதை அவர் அறியமாட்டார்.

நாவன்மை உடையவர்கள் நம் சங்கத்தில் குறைவில்லை. பட்டிமன்றத்தில் அவர்கள் முழங்கும்போது கை தட்டுகிறோம். அந்த முழக்கத்தில் ஒரு பங்கு, பின் வரிசையில் குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் தம்பி தங்கையருக்கும் கிடைக்க வேண்டும். அவர்களது குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அதிலே என்ன சுற்று இருக்கிறதோ, என்ன இசைப் பெட்டி இருக்கிறதோ, யார் கண்டார்? எடுத்துச் சொல்லுங்கள். சொல்லும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.